வீட்டுத் திரையரங்கில் உதடும் ஒலியும் சேராதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கங்களில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். “படம் ஒரு பக்கம் போகிறது, சத்தம் ஒரு பக்கம் போகிறது” என்ற முறையீட்டைக் கேட்காத மாதம் எனக்கு இல்லை. ஆசை ஆசையாகப் பணம் சேர்த்துப் பெரிய திரையும் ஐந்து ஸ்பீக்கரும் வாங்கியவர்கள், இந்த ஒரு குறையினால் மனம் சலித்து மீண்டும் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. தாமதம் எந்த இடத்தில் நுழைகிறது என்று தேடிக் கண்டுபிடித்தால் போதும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒலியும் படமும் உண்மையிலேயே விலகியிருக்கின்றனவா என்பதை எப்படி உறுதி செய்வது?

பகரமும் மகரமும் இரண்டு இதழ்களும் ஒட்டினால்தான் பிறக்கும் என்று பள்ளியில் இலக்கண ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது இங்கே பயன்படுகிறது. நிலையத்தில் அமர்ந்து நேரலையாகச் செய்தி வாசிப்பவரின் முகம் அருகில் தெரியும் ஒரு காட்சியைப் போட்டு, அவர் வாயிலிருந்து ‘முதலமைச்சர்’, ‘பிரதமர்’, ‘மழை’, ‘பேருந்து’ போன்ற சொற்கள் வரும் தருணத்துக்காகக் காத்திருங்கள். இதழ்கள் மூடியிருக்கும்போதே மகரத்தின் முனகல் கேட்க வேண்டும். இதழ்கள் பிரியும் அதே கணத்தில் பகரம் வெடிக்க வேண்டும். இதழ்கள் மூடுவதற்கு முன்பே மகரம் கேட்டுவிட்டால் ஒலி முந்துகிறது. வாய் திறந்த பிறகு தாமதித்துப் பகரம் வந்தால் ஒலி பிந்துகிறது.

தொடர்களையும் திரைப்படங்களையும் இந்தச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னணிக் குரல் தனியாகப் பதிவு செய்யப்படுவதால், பிழை உங்கள் வீட்டில் இருக்கிறதா, ஒலிப்பதிவுக் கூடத்தில் நேர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. வள்ளி கும்மிக் காணொளியைப் போட்டுக் கைதட்டலை வைத்துச் சரிபார்க்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. நூறு பெண்கள் வட்டமாகச் சுற்றி ஆடும் கும்மியை 30 மீட்டர் தள்ளி நின்று கைபேசியில் படம் பிடித்தால், பதிவாகும்போதே ஒலி ஏறத்தாழ 90 மில்லி விநாடி பிந்தியிருக்கும் என்பதால் அதுவும் பொருந்தாது. கைதட்டல்தான் வேண்டுமென்றால், வீட்டில் உள்ள ஒருவரை ஒரு மீட்டர் தொலைவில் நிறுத்திக் கைதட்டச் சொல்லி நீங்களே படம் பிடித்து, அதைப் பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

முந்துகிறதா பிந்துகிறதா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாவிட்டால், ஆம்ப்ளிஃபயரில் ஒலிக்கு 100 மில்லி விநாடி தாமதம் கொடுங்கள். நிலைமை மேம்பட்டால் ஒலி முந்திக்கொண்டிருந்தது என்று பொருள். மோசமானால் அது முன்பே பிந்தியிருந்தது.

எவ்வளவு விலகல் வரை பொறுத்துக்கொள்ளலாம்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தும்போதோ 125 மில்லி விநாடி வரை பலருக்குத் தெரிவதில்லை. முந்துவதில் 90, பிந்துவதில் 185 என்ற அளவைத் தாண்டினால் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இல்லாததற்குக் காரணம் நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. அடுத்த காட்டில் ஒருவர் கோடரியால் விறகு பிளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால், கோடரி இறங்கிய பிறகுதான் சத்தம் வந்து சேரும். 170 மீட்டர் தொலைவென்றால் அரை விநாடி. ஒலி பிந்தி வருவது நாம் பிறந்தது முதல் பழகிய இயற்கை. செயலுக்கு முன்பே சத்தம் கேட்பது உலகில் எங்கும் நடப்பதில்லை. ஆகவே மூளை அதை உடனே மறுக்கிறது. துல்லியமாகச் சேர்க்க முடியாத நிலையில், ஒலியை ஓர் இழை பின்னால் விடுவதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய டிவியில் இந்தத் தொல்லை இல்லையே, இப்போது மட்டும் ஏன்?

படக்குழாய் இருந்த பழைய டிவிப் பெட்டியில் படமும் ஒலியும் வந்த கையோடு வெளியேறின. நடுவில் எதுவும் தேங்கவில்லை. இன்றைய டிவி ஒவ்வொரு படச் சட்டத்தையும் (ஃபிரேம்) நினைவகத்தில் நிறுத்தி, அளவைப் பெரிதாக்கி, புள்ளிகளை மெழுகி, அசைவைச் சீராக்க அடுத்தடுத்த சட்டங்களை ஒப்பிட்டு, இடையில் புதிய சட்டங்களை உருவாக்கிய பிறகே திரையில் காட்டுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சட்டத்துக்கு 20 மில்லி விநாடி. நான்கைந்து சட்டங்களைத் தேக்கி வைத்தாலே 100 மில்லி விநாடி போய்விடும். தன் சொந்த ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒலியை டிவி அதே அளவுக்கு நிறுத்தி வைக்கிறது. ஆனால் ஒலி நேராக வெளி ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விட்டால் அதை நிறுத்தி வைப்பார் யாருமில்லை. அப்போது ஒலி முந்துகிறது.

படத்தையும் ஒலியையும் சேர்க்கும் இந்தப் பாடு சினிமா பேசத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டிய 1914-இல் படங்கள் ஊமையாக இருந்தன. சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை. பேசும் படம் வந்த பிறகு, 35 மில்லி மீட்டர் படச்சுருளில் ஒலித்தடத்தை அதற்குரிய படத்தைவிட 21 சட்டங்கள் முன்னால் தள்ளி அச்சிட்டார்கள். ஒலியைப் படிக்கும் பகுதி புரொஜெக்டரில் படச் சாளரத்துக்குக் கீழே இருந்ததே அதற்குக் காரணம். சுருளை மாட்டும்போது ஆபரேட்டர் வளையத்தைக் கூட்டியோ குறைத்தோ விட்டுவிட்டால், கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் உதடு விலகித் தெரிந்தது. அன்று ஆபரேட்டரின் கை செய்த வேலையை இன்று ஆம்ப்ளிஃபயரின் மெனுவில் நாம் செய்கிறோம்.

எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்?

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இவற்றைச் செய்யாமல் மெனுவுக்குள் நுழைந்தவர்கள், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிவிட்டுப் பின்னால் இரண்டையும் தேடித் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விலகல் எல்லா மூலங்களிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்பது முதலாவது. செட்டாப் பாக்ஸ், ஃபயர் டிவி ஸ்டிக், டிவிக்குள் இருக்கும் யூடியூப், பென் டிரைவ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையில் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தக் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அதே காட்சியைக் கேளுங்கள். அங்கே உதடும் ஒலியும் பொருந்தினால், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில்தான் நேரம் மாறுகிறது. அங்கேயும் விலகியிருந்தால் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதில் பொருளில்லை. பிழை மூலக் கருவியிலோ, ஒளிபரப்பிலோ, கோப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்துவிட்டு என்னை அழைப்பவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவதாக, விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்கிறதா, நேரம் போகப் போக வளர்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் தாமத அமைப்பால் தீரும். வளர்ந்துகொண்டே போனால் எந்தத் தாமத அமைப்பாலும் தீராது. அதற்கான பதிலைக் கீழே தனியாகத் தந்திருக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகு டிவியின் பட அமைப்புக்குப் போய், அசைவைச் சீராக்கும் வசதியை நிறுத்துங்கள். சாம்சங்கில் அதற்கு ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ என்றும், எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்றும், சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்றும் பெயர் உண்டு. புள்ளி நீக்கும் வசதிகளையும் குறையுங்கள். பிறகு சோதனைக்காக ‘கேம் மோட்’ போட்டுப் பாருங்கள். அதில் டிவி பெரும்பாலான பட வேலைகளைக் கைவிட்டுவிடுவதால் விலகல் உடனே சுருங்கினால், குற்றவாளி டிவியின் படச் செயலாக்கம்தான் என்பது உறுதியாகிவிடும். சினிமா பார்க்கும்போது அசைவைச் சீராக்கும் வசதி தேவையே இல்லை என்பது என் கருத்து. படத்தின் இயல்பான நடையை அது கெடுக்கிறது, நேரத்தையும் தின்கிறது.

ஆம்ப்ளிஃபயரில் தாமதத்தை எவ்வளவு வைக்க வேண்டும்?

இன்னொரு வீட்டில் பொருந்திய எண் உங்கள் வீட்டில் பொருந்தாது. ஏவி ரிசீவரின் (படத்தையும் ஒலியையும் கையாளும் ஆம்ப்ளிஃபயர்) மெனுவில் ‘லிப் சிங்க்’, ‘ஆடியோ டிலே’, ‘ஏவி சிங்க்’ என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். பூஜ்யத்தில் தொடங்கி, செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்தபடி 20 மில்லி விநாடி வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். பொருந்துவது போலத் தோன்றும் இடத்தில் நின்றுவிடாமல், ஒலி தெளிவாகப் பிந்துகிறது என்று சொல்லக்கூடிய இடம் வரை கூட்டி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலி தெளிவாக முந்துகிறது என்று சொல்லக்கூடிய இடம் வரை குறைத்து, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்து, 10 மில்லி விநாடி பிந்தும் பக்கமாகச் சாய்த்தால் போதும். 40-இல் முந்துவதும் 180-இல் பிந்துவதும் தெரிகிறதென்றால் 120 வைக்கலாம்.

ஒருமுறை கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மாலை முழுவதும் உட்கார்ந்து 120 மில்லி விநாடி வைத்துச் சரியாகப் பொருத்திவிட்டுத் திரும்பினேன். மறுநாளே அங்கிருந்து அழைப்பு வந்தது. அந்த வீட்டுப் பையன் விளையாடுவதற்காக டிவியைக் கேம் மோடுக்கு மாற்றி அப்படியே விட்டிருந்தான். படத்தின் தாமதம் குறைந்துவிட்டதால் நான் கொடுத்த 120-உம் பிழையாகி நின்றது. பட மோடு மாறினால் தாமதமும் மாறும் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து, விளையாட்டுக் கருவியைத் தனி எச்டிஎம்ஐ துளையில் இணைத்து, அந்தத் துளைக்கு மட்டும் கேம் மோடு நினைவில் நிற்கும்படி அமைத்துக் கொடுக்கிறேன். பல ரிசீவர்களில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனித் தாமதம் வைக்கவும் முடியும்.

தாமதம் பூஜ்யத்தில் இருக்கிறது, ஆனாலும் ஒலி பின்னால்தான் வருகிறது. என்ன செய்வது?

ஒலியை நிறுத்தி வைக்க முடியும். இன்னும் வந்து சேராத ஒலியை முன்னுக்கு இழுக்க முடியாது. ஆகவே ஒலியின் பாதையில் நேரத்தைத் தின்பது எது என்று பார்த்து அதை அகற்ற வேண்டும்.

பொதுவாக நான் காணும் காரணம் இரட்டைத் தாமதம். செட்டாப் பாக்ஸில் ஒருவர் 100 வைத்திருப்பார், டிவியில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டுக்கு இன்னொருவர் 60 வைத்திருப்பார், ரிசீவரில் தானியங்கி வசதியும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டு, ஒரே இடத்தில் மட்டும் தாமதம் வைப்பதென்று முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்ததாக, டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டைப் பாருங்கள். டிவி ஒருமுறை டால்பி என்ற சுருக்கிய ஒலியைப் பிரித்து, மறுபடி டால்பியாகக் கட்டி அனுப்பும் நிலை இருந்தால் இரண்டு முறை நேரம் போகிறது. வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் ‘பாஸ்த்ரூ’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் தீராவிட்டால், சுருக்காத ஒலியான ‘பிசிஎம்’ வைத்துப் பாருங்கள். பிசிஎம்மில் பிரித்தெடுக்க எதுவுமில்லாததால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒலி விரைவாக வெளியேறும். பழைய ஆர்க் (டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு) வழியாகவும் ஆப்டிகல் (ஒளியிழைக் கேபிள்) வழியாகவும் பிசிஎம் இரண்டு சானலாகத்தான் வரும் என்ற இழப்பை அப்போது ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபயரில், ஒலியில் கூடுதல் வேலை செய்யாமல் வெளியிடும் ‘டைரக்ட்’ அல்லது ‘பியூர் டைரக்ட்’ மோடு இருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒலி பிந்தினால், கேம் மோடிலிருந்து சாதாரண சினிமா மோடுக்கு டிவியை மாற்றிப் படத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதே மீதமிருக்கும் வழி.

‘ஆட்டோ லிப் சிங்க்’ போட்டுவிட்டால் போதாதா?

பல வீடுகளில் போதும். 2006-இல் வந்த எச்டிஎம்ஐ 1.3 முதல், ‘எனக்குப் படம் காட்ட இத்தனை மில்லி விநாடி ஆகும்’ என்று டிவி தன் தாமதத்தை ரிசீவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் சில டிவிகள் எந்தப் பட மோடில் இருந்தாலும் ஒரே எண்ணையே சொல்கின்றன; சில எதுவும் சொல்வதில்லை. ஆகவே முதலில் தானியங்கியைப் போட்டு உதட்டைச் சோதியுங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள், பொருந்தாவிட்டால் அதை நிறுத்திவிட்டுக் கையால் வையுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்க், இ-ஆர்க், ஆப்டிகல்: எதில் இணைப்பது நல்லது?

செட்டாப் பாக்ஸையும் ஸ்டிக்கையும் ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து ஒரே கேபிளை டிவிக்குக் கொண்டுபோவது ஒரு முறை. இதில் ஒலி டிவிக்குள் போகாததால் பாதை குறுகியது. ஒலி முந்தத்தான் செய்யும், அதைத் தாமதத்தால் எளிதாகச் சரிசெய்துவிடலாம். எல்லாவற்றையும் டிவியில் இணைத்து, ஆர்க் வழியாக ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது இன்னொரு முறை. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த ஆர்க்கில், டிவிக்கு டிவி நடத்தை வேறுபடும். அதன் மேம்பட்ட வடிவமாக எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இ-ஆர்க்கில் லிப் சிங்க் திருத்தம் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், இரண்டு பக்கமும் இ-ஆர்க் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆப்டிகல் கேபிளில் டிவி தன் தாமதத்தைத் தெரிவிக்க வழியே இல்லை; கையால்தான் வைக்க வேண்டும்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபயரில் தாமத அமைப்பே இல்லையே?

கோவையிலும் ஈரோட்டிலும் கைதேர்ந்த அசெம்பிளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர்கள் பதினைந்து ஆண்டுகளாக ஓடும் வீடுகளை எனக்குத் தெரியும். அவற்றில் பொருத்தப்படும் டீகோடர் பலகைகள் பலவற்றில் தாமதம் கூட்டும் வசதி இருப்பதில்லை. அதற்காக ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டாம். டிவியின் ஒலி மெனுவில் ‘டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ டிலே’ அல்லது ‘ஏவி சிங்க்’ என்று ஒன்று இருக்கும்; அது ஆர்க், ஆப்டிகல் வழியாக வெளியேறும் ஒலியை நிறுத்தி வைக்கும். ஃபயர் டிவியில் ஒலி அமைப்புக்குள் ‘ஏவி சிங்க் ட்யூனிங்’ உண்டு. ஒரு பந்து துள்ளும் படத்தைக் காட்டி ஒலியைப் பொருத்தச் சொல்லும். ஆப்பிள் டிவியில் ஐஃபோனின் மைக்கைக் கொண்டே அளந்து சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறது. பாக்ஸிலிருந்து சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ கம்பியால் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போனால் மட்டும் டிவியால் எதுவும் செய்ய முடியாது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து கொடுங்கள்.

ப்ளூடூத்தில் கேட்டால் எப்போதும் விலகுகிறதே?

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில், தறிச் சத்தத்துக்கு நடுவில் வசனம் கேட்க வேண்டுமென்று ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்கியவர்கள் இதைக் கேட்கிறார்கள். சாதாரண எஸ்பிசி முறையில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, சேமித்து, விரித்து வெளியிடுவதற்குப் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி வரை ஆகும். இது பிந்தும் வகை என்பதால் தாமத அமைப்பு உதவாது. கைபேசியில் யூடியூப் பார்க்கும்போது தெரியாமல் போவதற்குக் காரணம், அங்கே செயலி தாமதத்தை அறிந்து படத்தை நிறுத்தி வைப்பதே. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்துக்கு எல்லா டிவிகளும் அப்படிச் செய்வதில்லை. நீளமான ஒயர் உள்ள ஹெட்ஃபோனோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் தனி அனுப்பி உள்ள டிவி ஹெட்ஃபோனோ வாங்குவது நல்லது. இரண்டு பக்கமும் ‘ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி’ இருந்தால் ப்ளூடூத்திலும் தாமதம் 40 மில்லி விநாடி அளவுக்குக் குறையும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயனில்லை.

தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, இடைவேளைக்குள் வெகுவாக விலகிவிடுகிறது. ஏன்?

படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. விநாடிக்கு 24 சட்டங்களும் 23.976 சட்டங்களும் கேட்பதற்கு ஒன்று போலத் தோன்றினாலும், ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு உண்டு; இரண்டரை மணி நேரப் படத்தில் அது 9 விநாடியாக வளர்ந்துவிடும். 24-உம் 25-உம் கலந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இரண்டு விநாடிக்கு மேல் விலகும். ஒரு பதிப்பின் படத்தோடு இன்னொரு பதிப்பின் ஒலித்தடத்தைச் சேர்த்த கோப்புகளில் இதுதான் நடக்கிறது.

இந்தக் கேள்வியை நான் மிகவும் பரிவோடு அணுகுவதற்கு, இதைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் கல்யாண வீடியோவுடன் வருவதே காரணம். கைபேசியில் எடுத்த படத்தில் சட்ட வேகம் நிலையாக இருப்பதில்லை; வெளிச்சத்துக்கேற்ப அது ஏறி இறங்குகிறது. அதை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் ஒலி விலகத் தொடங்குகிறது. ‘ஹேண்ட்பிரேக்’ போன்ற இலவச மென்பொருளில் நிலையான சட்ட வேகத்தைத் தேர்ந்தெடுத்து மாற்றிய பிறகே எடிட் செய்ய வேண்டும். மண்டபத்து மிக்ஸரிலிருந்து தனியே பதிவு செய்த நாதசுரத்தைச் சேர்ப்பவர்கள், இரண்டு பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி விலகும் என்பதை நினைவில் கொண்டு, தாலி கட்டு, பாலி கரைப்பு என்று பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் புதிதாகப் பொருத்த வேண்டும். மூலக் கோப்பை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். தாத்தாவின் குரல் பதிவாகியிருப்பது அதில் மட்டுமாக இருக்கலாம்.

கணினியில் விஎல்சியில் பார்ப்பவர்கள், ஒரே அளவான விலகலை மட்டும் ஜே, கே விசைகளால் 50 மில்லி விநாடி வீதம் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு சேனலில் மட்டும் அல்லது மழையும் காற்றும் அடித்த பிறகு மட்டும் விலகுகிறதே?

ஒரே ஒரு சேனல் என்றால் அது ஒளிபரப்புப் பக்கத்துப் பிழை. வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம். மாற்றினால் மற்ற சேனல்கள் கெடும்.

டிஷ் வைத்திருப்பவர்கள், சமிக்ஞை வானத்துக்குப் போய் வருவதால் தாமதமாகிறதோ என்று கேட்பதுண்டு. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறி இறங்கக் கால் விநாடி ஆவது உண்மைதான். ஆனால் படமும் ஒலியும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன, ஆகவே அதனால் விலகல் வராது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் மொட்டை மாடி டிஷ்ஷைச் சிறிது திருப்பிவிட்டாலே சமிக்ஞை நலியும். தரவு விட்டுவிட்டு வரும்போது பாக்ஸ் படத்தையும் ஒலியையும் நேர முத்திரைகளைக் கொண்டு மீண்டும் சேர்க்கத் திணறும். சேனலை மாற்றித் திரும்பினால் சரியாகிவிடும். அடிக்கடி நடந்தால் டிஷ்ஷின் நட்டுகளை இறுக்கித் திசையைச் சரிசெய்ய ஆளை அழையுங்கள்.

தோட்டத்து வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) புரொஜெக்டர் வைத்திருக்கிறோம். நீளமான கேபிளால் தாமதமாகுமா?

ஆகாது. 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளைக் கடக்கச் சமிக்ஞைக்கு மைக்ரோ விநாடியின் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. தாமதம் புரொஜெக்டருக்குள் நேர்கிறது. கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ திருத்தம் போட்டால், படத்தை வளைத்துக் கட்டும் வேலை சேர்ந்து சில புரொஜெக்டர்களில் தாமதம் இன்னும் கூடுகிறது. ஆகவே திரைக்கு நேராக மாட்டுங்கள்.

காற்றில் ஒலிக்கு மீட்டருக்குச் சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. ஊரார் உறவினரோடு வாசலில் திரை கட்டிப் பார்க்கும்போது, 12 மீட்டர் பின்னால் உட்கார்ந்தவருக்கு ஒலி 35 மில்லி விநாடி பிந்தும். முன்வரிசைக்குப் பொருத்தி வைத்தால் பின்வரிசையும் பொறுக்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

ஸ்பீக்கர் தூரம் என்ற அமைப்பும் லிப் சிங்க்கும் ஒன்றுதானா?

இல்லை. ஐந்து ஸ்பீக்கர்களின் ஒலியும் உங்கள் இருக்கைக்கு ஒரே நேரத்தில் வருவதற்காக அது சில மில்லி விநாடிகளை மட்டும் மாற்றுகிறது. அடியா மீட்டரா என்று பார்த்து உள்ளிடுங்கள். லிப் சிங்க்கைச் சரிசெய்ய அந்த எண்களில் கைவைக்க வேண்டாம்.

மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் விலகுகிறதே?

மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கருவிகளும் ஒன்றாக எழுகின்றன. டிவி விழிப்பதற்குள் பாக்ஸ் விழித்துவிட்டால், எதிரே எந்தக் கருவி இருக்கிறது என்று தெரியாமல் ஒலியை வேறு வடிவத்தில் அனுப்பத் தொடங்கிவிடலாம். வடிவம் மாறினால் தாமதமும் மாறுகிறது. எல்லாவற்றையும் சுவிட்சில் நிறுத்தி இரண்டு நிமிடம் விட்டு, முதலில் டிவி, அடுத்து ஆம்ப்ளிஃபயர், கடைசியில் பாக்ஸ் என்ற வரிசையில் போடுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் பாக்ஸுக்கும் இதே வைத்தியம்தான். நான் போகும் வீடுகளில் டிவியின் பட மோடு, ஒலி வெளியீட்டு வடிவம், ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வைத்த தாமதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வருகிறேன். கைதவறி ரீசெட் ஆனாலும் வீட்டில் உள்ளவர்களே பழைய எண்களைத் திரும்ப வைத்துக்கொள்ள அந்தத் தாள் போதும்.